ஊசிப்பாலை முகம் கவிழ்ந்த கதை

செடிகொடிகளுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், ஒரு செடியை அடையாளம் காண்பது மிகவும் எளிது. அதனிடமே கேட்டால் போதும். இலை எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா, பூவுக்கு எத்தனை இதழ், காய் எப்படி வெடிக்கிறது என்றெல்லாம் சேற்றில் மண்டியிட்டுப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. "நீ யார்?" என்று கேட்பார்கள். "நான் இன்னார்" என்று பதில் வரும். விவகாரம் அத்தோடு முடிந்தது.

அந்தக் காலத்தில் பொய்யே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருந்தது. நரியிடம் இருந்தது. ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கிடம் ஏராளமாக இருந்தது. ஆனால் யார் என்று கேட்டால் வேறொரு பேரைச் சொல்லும் பழக்கம் மட்டும் எவருக்கும் வரவில்லை. அவரவர் பேரே அவரவருக்குப் போதுமானதாக இருந்தது.

மேட்டுக்காட்டில் பால் வம்சம் குடியிருந்தது. மூத்தவன் எருக்கு. அவனுக்கு அடுத்தவள் வேலிப்பருத்தி. கடைசியாகப் பிறந்தவள் பாலைக்கொடி. பாலை என்றதும் வெயிலையும் வழிப்பறிக் கள்வரையும் பிரிந்து வாடும் தலைவியையும் நினைத்துக்கொள்ளும் படிப்பாளிகள் சற்றுப் பொறுக்க வேண்டும். உடம்பில் பால் ஓடியதால் இவள் பாலை. அந்தக் காலத்தில் அவளுடைய இலை அண்ணனுடைய இலையைப் போலவே அகலமாக இருக்கும். வெள்ளைவெளேர் என்ற பூ, கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தாற்போல் வானத்தைப் பார்த்து மலரும்.

இந்த வம்சத்தில் யாரைக் கிள்ளினாலும் பால் வரும். நாக்கில் வைத்தால் கசக்கும், கண்ணில் பட்டால் எரியும். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விடும். மனிதர்களும் அவர்களை விரும்பியதில்லை. பாழடைந்த வீட்டைக் காட்டி, "எருக்கு முளைச்சுப் போச்சு" என்பார்கள். எருக்கு முளைத்ததால் வீடு பாழானதா, வீடு பாழானதால் எருக்கு முளைத்ததா என்று யாரும் விசாரித்ததில்லை.

அவர்களைத் தேடி வரும் உயிர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் பேர் வெந்தய வரியன். சிறகு வெந்தய நிறம், ஓரத்தில் கறுப்பு, கறுப்பில் வெள்ளைப் பொட்டு. அந்த வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள் பால் வம்சத்து இலையைத் தவிர வேறு எதையும் தின்னாது. ஊரெல்லாம் முகம் சுளிக்கும் அந்தக் கசப்பைத் தின்றுதான் புழுக்கள் வளரும். கசப்பு உடம்பில் ஊறிவிடுவதால் குருவிகள் அவற்றைத் தொடாது. ஆகவே பால் வம்சத்துக்கு ஒரே ஒரு வழக்கம் இருந்தது. வயிற்றில் முட்டையோடு வரியன் வந்து, "நீங்கள் பால்செடியா?" என்று கேட்டால், "ஆமாம்" என்று சொல்லி இலையை நீட்ட வேண்டும். பிறகு இலையில் ஓட்டை விழும், சில சமயம் காம்பு மட்டும்தான் மிஞ்சும். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். வேறு பெருமை அவர்களுக்கு இல்லை.

ஒரு வருடம் மழை பொய்த்தது. மேட்டுக்காட்டு மண் பிளந்தது. பாலைக்கொடியின் இலைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன.

"அண்ணே, வேர் நுனி கருகுது" என்றாள்.

"தெரியுது" என்றான் எருக்கு. "நீ பள்ளத்துக்கு இறங்கிக் குளத்துப் பக்கம் போயிரு. நான் கல்லுக்குள்ள காலை விட்டு நிக்கிறவன், சமாளிச்சுக்குவேன். உனக்கு அந்த ஆழம் கிடையாது."

"என்னைச் சேர்த்துக்குவாங்களா?"

"ஏன் சேர்க்காம? தண்ணி என்ன அவங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

எருக்குக்கு உலக அனுபவம் குறைவு. தங்கை மண்ணில் ஊர்ந்து ஊர்ந்து, பள்ளத்தைப் பார்த்துப் போனாள்.

குளத்தில் நீர் வம்சம் வாழ்ந்தது. கரையோரம் சம்பு வரிசையாக நின்றான். ஆளுயரம், பழுப்பு நிறக் கதிர், பேச்சுக் குறைவு. ஓரத்துச் சேற்றிலிருந்து நீர்ச்சுண்டி தண்ணீர்மேல் தண்டை நீட்டி மிதந்துகொண்டிருந்தாள். யாராவது தொட்டால் இலையை மூடிக்கொள்வாள், பொழுது சாய்ந்தால் தொடாமலே மூடிக்கொண்டு தூங்கிவிடுவாள். வருவோர் போவோரை விசாரிப்பது நாமக்கோழியின் வேலை. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை நாமம். அது எந்த அளவு படித்திருந்தது என்று தெரியாது. நாமம் இருந்ததால் யாரும் கேட்கவில்லை.

"வருபவர் யாரோ? எத்திசை? எவ்வம்சம்?" என்று கேட்டது நாமக்கோழி. அதற்குச் சாதாரணமாகப் பேச வராது.

அவள் வாயைத் திறப்பதற்குள் தவளைகள் முந்திக்கொண்டன.

"மேட்டுப் பக்கமிருந்து வருது. எருக்கஞ்செடிக்குச் சொந்தமா இருக்கப் போகுது!"

"எருக்கா? உருப்பட்ட மாதிரிதான். அப்புறம் குளத்தங்கரையில ஆந்தைதான் குடியிருக்கும்."

"பால் தண்ணியில கலந்தா மீனெல்லாம் மல்லாந்துரும்டோய்!"

பாலைக்கொடி தண்ணீரைப் பார்த்தாள். தண்ணீர் அவ்வளவு அருகில் இருந்தது. நாக்கு வறண்டிருந்தது.

"நான் வள்ளைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி" என்றாள்.

அந்தக் குளத்தில் படர்ந்திருந்த வள்ளைக்கொடி போன மழைக்கே, உபரி நீர் வழியும் கலிங்கு வழியாக அடித்துக்கொண்டு அடுத்த குளத்துக்குப் போய்விட்டாள். கேட்டுப் பார்க்க வழியில்லை.

"உடலில் ஓடுவது யாது?"

"தண்ணிதான். வேற என்ன ஓடும்?"

"நன்று" என்றது நாமக்கோழி. சேற்றில் அவளுக்கு இடம் கிடைத்தது.

அது பெரிய விஷயமாக அவளுக்குத் தோன்றவில்லை. உயிர் தப்பியதே பெரிது. உயிர் தப்பிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். உயிர் தப்பிய பிறகு, சொல்லிவிட்டால் சேறு போய்விடுமே என்று நினைத்தாள். இப்படியே அவளுக்குப் புதுத் தளிர் வந்தது.

நாமக்கோழி எப்போதாவது இலை நுனியைக் கொத்திவிடும். பால் துளிர்ப்பதற்குள் அந்த நுனியைத் தண்ணீரில் முக்கிவிடுவாள். தவளைகள் பொழுதுபோகாமல் எருக்கைப் பற்றிக் கேலி பேசும்போது அவளும் சிரிப்பாள். முதல் தடவை சிரிப்பதற்குச் சிரமமாக இருந்தது. பிறகு சிரமம் இல்லை. பிறகு ஒருநாள் அவளே ஆரம்பித்தாள்.

"எருக்குக்கு மாலை போடணும்னா எந்தப் பூவைப் போடுறது சொல்லுங்க? அவன் பூவையே அவனுக்குப் போட்டா அவனுக்கே அவமானமாப் போயிருமே!"

குளம் அதிரும்படி சிரித்தார்கள். சம்பு மட்டும் சிரிக்காமல் அவளைக் குனிந்து பார்த்தான். நகைச்சுவை புரியாதவன் போலிருக்கிறது என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள்.

வறட்சி போய் மழை வந்தது. வந்தது என்பது குறைத்துச் சொல்வது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. குளம் நிரம்பியது, கலிங்கு பாய்ந்தது. நீர் வம்சத்தாருக்கு ஒரே கொண்டாட்டம். அந்த உற்சாகத்தில், பாலைக்கொடிக்குக் கொம்பு கொடுத்துவிடலாம் என்று பேசி முடித்தார்கள்.

கொம்பு கொடுப்பது என்பது அந்தக் குளத்தில் பெரிய விசேஷம். தரையில் கிடக்கும் கொடிக்கு, சம்பு தன் தண்டைக் கொடுத்து, "ஏறிக்கோ தங்கச்சி" என்பான். கொடி சுற்றி ஏறியதும் நாமக்கோழி அவள் பேரை நாலு கரைக்கும் கேட்கக் கூவும். தவளைகள் மேளம் கொட்டும். அதற்குப் பிறகு அவள் குளத்துக்காரி. யாரும் எதுவும் கேட்க முடியாது. கொம்பில்லாத கொடிக்கு இதைவிடப் பெரிய ஆசை என்ன இருக்க முடியும்? மழை விட்டு வெயில் தலைகாட்டும் முதல் நாளில் விசேஷம் என்று முடிவாகியது.

தூறல் சற்று ஓய்ந்திருந்த ஒரு சாயங்காலம், மேட்டுப் பக்கமிருந்து ஒரு வரியன் தள்ளாடித் தள்ளாடிப் பறந்து வந்தது. சிறகில் ஒரு மூலை கிழிந்திருந்தது. நேராகப் பாலைக்கொடியின் முன்னால் வந்து, காற்றிலேயே நின்றது.

"அத்தை!"

அவள் இலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அத்தை, நான்தான். உங்க நடு இலையில வளர்ந்தவ. தெரியலையா? அப்போ நான் புழுவா இருந்தேன், இப்போ ஆள் மாறியிருக்கும்."

நாமக்கோழி நீந்துவதை நிறுத்தியது. சம்பு ஆடாமல் நின்றான். தவளைகளுக்கு இது போன்ற நேரத்தில் மட்டும் அமைதி எங்கிருந்தோ வந்துவிடும்.

"மேட்டுல அடியில கல்லு, தண்ணி இறங்க வழியில்லாம கட்டி நிக்குது அத்தை. வெயில்னா தாங்குவாங்க, தேங்குன தண்ணியை யாரு தாங்குறது? வேலிப்பருத்தி சாய்ஞ்சுட்டாங்க. எருக்குப் பெரியப்பாவுக்குக் கால் அழுகிப்போச்சு. இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிருச்சு. 'என் தங்கச்சி குளத்துல நல்லா இருப்பா, அவகிட்டப் போ'ன்னு அவர்தான் அனுப்பினார். வயிறு கனக்குது. இன்னைக்கே இறக்கி வைக்கணும், இனிமே தாங்காது."

"எருக்குப் பெரியப்பாவா?" என்றது நாமக்கோழி. "யாருக்கு யார் பெரியப்பன்?"

பாலைக்கொடிக்கு அண்ணனின் கால் கண்முன் வந்தது. கல்லுக்குள் விட்ட கால். அது அழுகும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"எந்த எருக்கு?" என்றாள். "எனக்கு யாரையும் தெரியாது. நீ வேற யாரையோ தேடி வந்திருக்கே."

வரியன் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தது. வழக்கப்படி கேட்டது.

"நீங்க பால்கொடி இல்லையா?"

"இல்லை."

இன்றைக்கு இதைப் படிப்பவர்கள், கண்ணால் பார்த்தும் அந்தப் பூச்சிக்குப் புத்தி இல்லையா என்று கேட்கலாம். அதன் கண் ஒன்று சொன்னது, நினைவும் அதையே சொன்னது. ஆனால் கேட்டாயிற்று, பதில் வந்தாயிற்று. அதற்கு மேல் ஒன்று இருக்கிறது என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது.

"மன்னிச்சுக்குங்க" என்றது வரியன். "ஒரே சாடையா இருந்தீங்க." பிறகு, "இந்தக் குளத்துல வேற பால்கொடி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டது.

இல்லை என்றால் இது இன்னும் பேசும். பேசினால் பெரியப்பா என்னும், அண்ணன் என்னும். பாலைக்கொடி அவசரமாகச் சுற்றிப் பார்த்தாள். பொழுது சாய்ந்ததால் நீர்ச்சுண்டி இலையை மூடிக்கொண்டு தூங்கியிருந்தாள். தூங்குகிறவள் மறுத்துப் பேசமாட்டாள்.

"அதோ, அவதான்."

நாமக்கோழி தொண்டையைக் கனைத்தது. சம்பு லேசாக அசைந்தான். காற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வரியன் சுண்டியிடம் போய்க் கேட்டுப் பார்த்தது. பதில் இல்லை. தூங்குகிறவளை எழுப்புவது முறையில்லை, பக்கத்தில் இருப்பவள்தான் சொல்லிவிட்டாளே என்று, மூடிய இலைகளின் மேல் முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டி வைத்தது. "பார்த்துக்கோ தாயே" என்று மெதுவாகச் சொன்னது. மேட்டில் தன்னைப் போலவே வயிற்றைச் சுமந்துகொண்டு அலையும் மற்ற வரியன்களுக்கு நல்ல சேதி சொல்ல, கிழிந்த சிறகோடு திரும்பிப் பறந்தது.

காலையில் சுண்டி கண் விழித்தாள்.

"ஐயையோ! எவ என் மேல குருணையைத் தூவிட்டுப் போனது?"

நாமக்கோழி வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. "குருணை அன்று. அண்டம்."

"அண்டமா? எனக்கு எதுக்குய்யா அண்டம்? முட்டைன்னு சொல்லித் தொலையேன்! யாரு வீட்டு முட்டை?"

நாமக்கோழி பதில் சொல்லாமல் நீந்திப் போனது. பாலைக்கொடி பக்கத்தில்தான் இருந்தாள். அவளும் பதில் சொல்லவில்லை.

சுண்டி வாயாடியே தவிர, மனசு இளகியவள். அலை அடிக்கும்போதெல்லாம் முட்டைகள் நனையாமல் தண்டைத் தூக்கித் தூக்கிப் பிடித்தாள். "என் வீட்டுக்கு வந்ததுங்க, நான் என்ன செய்யட்டும்" என்று புலம்பிக்கொண்டே பிடித்தாள். மழை விடவில்லை. வானம் மூடியே கிடந்தது. பாலைக்கொடிக்குச் சொல்வதற்கு நேரம் இருந்தது. நிறையவே இருந்தது. கொம்பில் ஏறியதும் சொல்லிவிடலாம், அதற்குள் பொரிக்கவா போகிறது என்று அவள் கணக்குப் போட்டாள்.

வெயில் வந்தது. குளத்துக்கு எந்த வெயிலோ, முட்டைக்கும் அதே வெயில்தானே.

மேளம் தொடங்கியது. தவளைகள் கழுத்தை ஊதிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தன. சம்பு நிமிர்ந்து, "ஏறிக்கோ தங்கச்சி" என்றான். "சரி அண்ணே" என்று அவள் முதல் சுற்றுச் சுற்றினாள். அண்ணே என்ற சொல் வாயில் எங்கோ தட்டியது. அடுத்த சுற்றுச் சுற்றினாள்.

சுண்டியின் இலையில் முட்டைகள் பொரிந்தன. நூல் துணுக்குப் போன்ற பிள்ளைகள், முதலில் தங்கள் முட்டையோட்டையே தின்று தீர்த்தன. பிறகு இலையைக் கடித்தன. கடித்ததும் நிறுத்திவிட்டன.

"அக்கா, இது கசக்கலையே" என்றது ஒன்று.

"கசக்கலைன்னா நல்லதுதானேடா? தின்னு ராசா."

"கசக்காததைத் தின்னத் தெரியாதுக்கா."

"என் கண்ணுல்ல, ஒரு வாய்."

அது ஒரு வாய் தின்று பார்த்துத் துப்பியது. பசி ஏற ஏறப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. அவ்வளவு சிறிய வாயிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "பால்கொடி எங்கே? பால்கொடி எங்கே?" என்று அழுதன. பிறந்து அரை நாள்கூட ஆகாதவை. அதற்குள் அவற்றுக்குத் தெரிந்திருந்த ஒரே சொல் அதுதான்.

"இதுங்க சாகுதுங்க!" என்று கத்தினாள் சுண்டி. "யாருக்காவது ஏதாவது தெரியுமா? சொல்லுங்களேன்!"

நாமக்கோழி தவளைகளைப் பார்த்து, "மேளம் உரக்க" என்றது.

மேளம் உரத்தது. பாலைக்கொடி வேகமாகச் சுற்றினாள். இன்னும் கொஞ்சம் ஏறினால் உச்சி. உச்சியில் பேர் கூவுவார்கள்.

சுண்டியின் இலையிலிருந்து ஒரு பிள்ளை தவறித் தண்ணீரில் விழுந்தது. விழுந்த இடத்தில் நாமக்கோழி உதிர்த்த இறகு ஒன்று மிதந்தது. பிள்ளை அதில் தொற்றிக்கொண்டது. காற்று அதை மெல்லத் தள்ளி, சம்பு நின்ற இடத்தில் கொண்டுவந்து சேர்த்தது. அது தட்டுத்தடுமாறி ஏறியது. ஏறியது சம்புவின் மேல் அல்ல, அவனைச் சுற்றியிருந்த கொடியின் மேல். ஓர் அகன்ற இலையின் நடு நரம்புக்கு வந்து சேர்ந்தது. மூச்சு வாங்கியது. மோந்து பார்த்தது. வாயைத் திறந்தது.

கடிக்கவில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளை. பிறந்ததும் தாய் முகம் பார்க்காவிட்டாலும் முறை தெரிந்திருந்தது.

"அத்தை," என்று கேட்டது, "நீங்க பால்கொடியா?"

மேளம் நின்றிருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லை" என்றாள்.

அவள் அதை யோசித்துச் சொல்லவில்லை. நாக்கு பழகியிருந்தது. சிரிப்புக்குப் பழகியதைப் போலவே.

"சரி அத்தை" என்றது பிள்ளை. வாயை மூடிக்கொண்டது. திரும்பிப் போக வேண்டும் என்று உடம்பைத் திருப்பியது. திரும்ப வலுவில்லை. நரம்பின் பள்ளத்தில், கசப்பிலிருந்து ஒரு மெல்லிய தோல் தூரத்தில், சுருண்டு படுத்தது.

"ஏய்" என்றாள் பாலைக்கொடி. "ஏய் பிள்ளை. ஆமாம். நான்தான். கடி. கடிச்சுக்கோ."

அது கேட்கவில்லை.

"ஆமாம்னு சொல்றேன்ல! தின்னுடா!"

அது அசையவில்லை.

பாலைக்கொடி சம்புவின் மேல் ஏறியவள், ஏறியது அத்தனையும் சரிய, அப்படியே கீழே விழுந்தாள். விழுந்த வேகத்தில் தண்டு முறிந்தது. முறிந்த இடத்திலிருந்து பால் பீறிட்டது. அதை அவள் தண்ணீரில் முக்கவில்லை. எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தாள்.

"நான் வள்ளைக்குத் தங்கச்சி இல்லை. எருக்குக்குத் தங்கச்சி. சுண்டி, அந்தப் பிள்ளைகளை இங்க கொண்டா!"

சுண்டி அதற்கு முன்பே தண்டை நீட்டிவிட்டாள். சேற்றிலிருந்து வேர் பிய்யும் அளவுக்கு நீட்டி, கொடியின் இலைமேல் பாலம் போட்டாள். உயிர் மிச்சமிருந்த பிள்ளைகள் ஊர்ந்து வந்தன. எதுவும் கேட்கவில்லை, கேட்க அவற்றுக்குத் தெம்பு இல்லை. கடித்தன. பால் வந்தது. அழுகை ஒவ்வொன்றாக அடங்கியது. சுண்டியின் இலையில் அசையாமல் கிடந்தவையும் இருந்தன. அவை எத்தனை என்று கதை சொல்கிறவர்கள் யாரும் எண்ணுவதில்லை.

பாலைக்கொடி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். இப்போது விரட்டுவார்கள். விரட்டட்டும் என்றிருந்தது. விரட்டினால் நல்லது என்றுகூட இருந்தது.

யாரும் விரட்டவில்லை. கடைசியில் சம்புதான் பேசினான்.

"எங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ பால்கொடின்னு. வந்த வாரமே தெரியும். நீ இலையை முக்கும்போதெல்லாம் தண்ணி வெளுக்கும். மீன் ஒண்ணும் மல்லாந்துடலை. சரி, நல்ல பிள்ளையா இருக்கா, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டோம்."

அவள் தூக்கிப் பிடித்திருந்த தண்டைத் தாழ்த்தினாள்.

"அப்போ ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீ சொல்லலை, நாங்க கேட்கலை" என்றான் சம்பு. "நல்லாத்தானே போய்க்கிட்டு இருந்துச்சு."

"அன்று யான் கனைத்தேன்" என்றது நாமக்கோழி.

"கனைச்சியா?" என்றாள் சுண்டி. அவள் குரல் அப்படி இறங்கி யாரும் கேட்டதில்லை. "தூங்குறவ தலையில பிள்ளைகளைக் கட்டினதை எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்திருக்கீங்க. ஒருத்தி சொல்ல வெட்கப்பட்டா. மத்தவங்க கேட்க வெட்கப்பட்டீங்க. செத்தது என் மடியில."

நாமக்கோழி தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டது. சம்பு வேறு பக்கம் பார்த்தான். பாலைக்கொடிக்கு ஒரு பக்கமும் பார்க்க முடியவில்லை. சேற்றைப் பறிகொடுக்கக் கூடாது என்று அவள் அண்ணனை விற்றிருந்தாள். அந்தச் சேற்றை யாரும் பிடுங்கவே நினைக்கவில்லை. விரட்டியிருந்தால் தாங்கியிருப்பாள், அவளைச் சேர்த்துக்கொண்டவர்களின் மத்தியில் அவளால் நிற்க முடியவில்லை. நாணத்தில் அவளுடைய அகன்ற இலைகள் ஒடுங்கின. ஒடுங்கி ஒடுங்கி ஊசிபோல் ஆயின. வானத்தைப் பார்த்திருந்த பூ கழுத்தை மடக்கிக் கீழே தொங்கியது. வெளிப்பக்கம் பழைய வெளுப்பு அப்படியே இருந்தது. உள்ளே மட்டும், கன்னத்தில் ரத்தம் ஏறுவதுபோல், ஊதா நிறக் கோடுகள் படர்ந்தன. தாவரம் படித்தவர்கள், அந்தக் கோடுகள் தேனுக்கு வரும் வண்டுக்கு வழி காட்டுகின்றன என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரியாக இருக்கலாம். அவர்கள் அன்றைக்கு அங்கே இல்லை.

மேட்டில் தண்ணீர் வடிந்த பிறகு எருக்கு அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தான் என்று கேள்வி. தங்கையைப் பற்றி விசாரித்தானா என்பது தெரியவில்லை. அவள் போய்ப் பார்க்கவில்லை. போக முகம் இல்லை. சம்பு அன்றே மறுபடியும் தண்டைக் கொடுத்தான், அவளும் வேறு வழியில்லாமல் பற்றிக்கொண்டாள். இன்றும் குளக்கரையில், ஆற்றோரத்தில், வாய்க்கால் மேட்டில் பாருங்கள். கால் சேற்றிலும் கை சம்பிலும் கோரையிலும், முகம் தண்ணீரிலுமாக அவள் நிற்பாள். மேட்டு நிலத்தில் நிற்கமாட்டாள். நடுக்குளத்துக்கும் போகமாட்டாள். ஊர் அவளை ஊசிப்பாலை என்கிறது.

ஆனால் அந்த நாள் இன்னும் முடியவில்லை. வெயில் சாயும் முன், கிழிந்த சிறகு கொண்ட வரியன் திரும்பி வந்தது. பின்னால் அதன் சொந்தங்கள் ஒரு கூட்டமாக வந்தன. வழி நெடுகச் சிரித்துப் பேசிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். கரையைத் தொடும்போதும் அந்தப் பேச்சு ஓயவில்லை. "அதோ, அவங்கதான்" என்று சுண்டியைக் காட்டியது. காட்டிய இடத்தைப் பார்த்தது. சுண்டியின் இலையில் கிடந்தவற்றைப் பார்த்தது. அடுத்த இலையில், பால் ஒட்டிய வாயோடு தின்றுகொண்டிருந்தவற்றையும் பார்த்தது.

பேச்சு நின்றது.

"நான்தான்" என்றாள் ஊசிப்பாலை, முகத்தை நிமிர்த்தாமல். "நீ கேட்டது சரி. நான்தான் உன் அத்தை. என் நடு இலையிலதான் நீ வளர்ந்தே. நான் பால்கொடி. எருக்கு என் அண்ணன்."

அத்தனை நாளும் சொல்லத் தவறியதெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. வரியன் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஏசவில்லை, சபிக்கவில்லை. தாழப் பறந்து வந்து அவளுடைய ஓர் ஒடுங்கிய இலையில் உட்கார்ந்தது. முன்னங்காலால் இலையைத் தட்டியது. கீறியது. கசிந்ததைக் காலாலேயே சுவை பார்த்தது. மறுபடியும் ஒருமுறை கீறிப் பார்த்தது. அதற்குப் பிறகு நகர்ந்து இடம் விட்டது. பின்னால் வந்தவையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து, தட்டி, கீறி, சுவை பார்த்து, முட்டையிட்டன.

"ஆமாம், நான்தான்" என்று ஒவ்வொன்றிடமும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று தொடங்கித்தான் வரியன் எந்தச் செடியிடமும் வாய் திறந்து பேர் கேட்பதில்லை. இலையைக் காலால் கீறி, கசப்பைத் தானே அறிந்த பிறகே பிள்ளைகளை ஒப்படைக்கிறது.